பதினோரு பவுன்

பர்ஹத் அந்த உறையைக் கையில் கொடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் மடித்து வைத்திருந்த போர்வையின் மேல், மறந்து வைத்தவள் போல வைத்துவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கமருன்னிசாவும் அதைப் பார்க்காதவள் போல எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். நோன்பு மாதத்தின் கடைசி வாரம். சாயங்காலத் தொழுகையான அசருக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. வேறு மாதமாக இருந்தால், இரு, டீ போட்டுட்டு வாரேன் என்று அடுப்படிக்கு ஓடி, பால் பொங்குகிற நேரத்துக்காவது மூச்சு விட்டுக்கொள்ளலாம். நோன்பாளி வீட்டுக்கு நோன்பாளி விருந்தாக வந்தால் அந்த வழியும் அடைத்துவிடுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

உறை கடையில் வாங்கியது இல்லை. பர்ஹத்தின் வீட்டுக்காரன் சுஃபியானுக்குச் சிவகாசியில் அச்சாபீஸ். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் தொழில். கோணலாக அச்சாகிவிட்ட தாள்களைத் தூரப்போடாமல், திருப்பி மடித்து ஒட்டி அவர்களே உறை செய்துகொள்வார்கள். வெளியே வெள்ளை, உள்ளே புஸ்வாணப் பூச்சட்டிப் படம். அதன் சிவப்பு, ஒட்டிய ஓரத்தில் கோடு மாதிரி தெரிந்தது. உறை நல்ல கனம் என்பது தொடாமலே தெரிந்தது.

"பெருநாளைக்கு ஹாதியாவுக்குத் துணி எடுங்கக்கா. நீங்களும் எடுத்துக்கங்க. அவுகதான் வரணும்னு இருந்தாக. தீவாளி சீசன்ல, ஆர்டர் கழுத்தப் பிடிக்குது. அசைய முடியல."

என்ன பணம் என்று பர்ஹத் சொல்லவில்லை. கமருன்னிசாவும் கேட்கவில்லை. ரமலானில், நொடித்துப்போன வீட்டுக்கு, வசதியான வீட்டுப் பெண் உறையோடு வந்தால் அது ஜகாத் என்று தெருவில் விளையாடுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருப்பவர்கள் வருசத்துக்கு ஒருமுறை நூற்றுக்கு இரண்டரை என்று கணக்குப் பார்த்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தாக வேண்டிய பணம். கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இல்லை, மனசில் நினைத்துக்கொண்டால் போதும். வாங்குகிறவருக்குத்தான் நிபந்தனை. பதினோரு பவுன் தங்கம் கையில் இருப்பவர் அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஏழையின் பங்கைத் தின்ற பாவம்.

கமருன்னிசாவிடம் பதினோரு பவுன் இருந்தது.

அது அடுப்படியின் மேல்தட்டில், மிளகாய்ப்பொடி டின்னுக்குள், அடியில் இருந்தது. பழைய பிஸ்கட் டின். ஒரு வருசத்துக்கான பொடியை மொத்தமாக மில்லில் திரித்து அதில் அமுக்கி வைப்பாள். பொடிக்குக் கீழே கெட்டியான பிளாஸ்டிக் பையில், ஒரு கிராம் அரைக் கிராம் காசுகளாகத் தங்கம். இதைவிட நல்ல இடம் விருதுநகரில் எந்த வங்கியிலும் கிடையாது. அவள் புருசன் சம்சு வத்தல் வியாபாரி. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த டின்னைத் திறந்ததில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிவிட்டு வருகிற மனுசன், வீட்டில் பொடி டின்னைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். "கடையில திங்கிற காரம் போதும் தாயி, அத மூடு" என்பார்.

திருடிச் சேர்த்தது இல்லை. அவர் வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது. ஒரு கிலோ கறி என்றால் முக்கால் கிலோ எடுத்து உருளைக்கிழங்கு போட்டு நிரப்புவாள். கேஸ் சிலிண்டரைச் சாய்த்து வைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். பஜாருக்குப் போகும்போது நாகையா ஆசாரியின் பட்டறையில் எட்டிப் பார்த்து, சேர்ந்த பணத்துக்கு ஒரு காசு வாங்கி வருவாள். "இத உருக்கி ஒரு செயினாச்சும் செஞ்சு போட்டுக்கலாம்ல தாயி" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். போட்டுக்கொண்டால் நாலு பேர் கண்ணில் படும். அவள் சேர்த்தது பார்ப்பதற்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று அடியில் கிடக்கிறது என்ற நினைப்புக்குத்தான். புதுக்காசு ஒன்றைப் பொடிக்குள் அமுக்கிய அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வரும். அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை, பெற்ற மகள் ஹாதியாவிடம்கூட.

அதற்குக் காரணம் அவளைப் பெற்ற அத்தா. எண்ணெய்க்கடை வைத்து நன்றாக இருந்தவர், வந்தவன் போனவனுக்கெல்லாம் பிரியாணி போட்டே கடையைக் கரைத்தார். ஒரு ரமலானில் அவளுடைய அம்மா அவளை ஒரு பெரிய வீட்டு வாசலில் ஜகாத் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். கமருன்னிசா அப்போது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பத்து ரூபாய் நோட்டை நீட்டிய கை, அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளையின் கை. பெருநாள் முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை தன் பங்கு முறுக்கைப் பேசாமல் இவள் பக்கம் தள்ளி வைத்தது. அந்த முறுக்கு இன்றைக்கும் கமருன்னிசாவின் தொண்டையில் நிற்கிறது. இனிமேல் ஜகாத் என்று யாரும் என் பக்கம் கை நீட்டக் கூடாது என்பதற்காகத்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். சேர்த்த பிறகு அது வீடு தேடி வந்து போர்வை மேல் உட்கார்ந்திருக்கிறது.

சம்சு அதற்கு நேர் எதிர். கையில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மாம்பழம் என்றால் பெட்டியாக வரும், தெரு முழுக்கப் போகும். ரமலானில் அவர் கொடுக்கிற அழகே தனி. வாங்குகிறவருக்குக் கூச்சம் வரக் கூடாது என்று பேச்சு வாக்கில் கொடுப்பார். இந்தச் சுஃபியானே அவர் கடையில் மூட்டைக்குத் தைப்புப் போட்டுக்கொண்டிருந்தவன்தான். சிவகாசியில் பழைய கட்டிங் மெசின் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரு நோன்பில் அவன் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். இன்றைக்கு அவன் கார் வாங்கிவிட்டான். சம்சுதான் விலை ஏறும், விலை ஏறும் என்று கிட்டங்கி நிறைய வத்தலை அடுக்கிக் காத்திருந்து, போன வருசத்து அடைமழையில் கூரை ஒழுகி அத்தனையும் பூசணம் பிடித்து நொடித்துப்போனார். இப்போது அடுத்தவர் சரக்குக்குத் தரகு. டி.வி.எஸ். வண்டியை உருட்டிக்கொண்டு வெம்பக்கோட்டை, தாயில்பட்டி என்று ஊர் ஊராக அலைகிறார். யாரோ தலையில் கை வைத்து அமுக்கிவிட்ட மாதிரி ஒரு வருசமாகக் குனிந்தே நடக்கிறார்.

கிட்டங்கி கைமாறுவதற்கு முந்தின நாள் அவளிடம் கேட்டார். "எங்கனயாச்சும் பெரட்ட முடியுமா கமரு? ஒரு அறுபதாயிரம் இருந்தா கிட்டங்கிய நிப்பாட்டிரலாம்." அவள் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள். அந்த அழுகையில் பாதி நிஜம். போட்டிருந்ததைக் கொடுத்தால் பொடிக்குள் இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று மீதிப் பாதி கணக்குப் போட்டது. நகை போதவில்லை, கிட்டங்கி போனது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு சொல்லோடு போயிருக்கும். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அதன் மேல் இன்னொரு மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி ஆகி, இப்போது அடி மூட்டையை உருவவே முடியாது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள் பர்ஹத்.

கமருன்னிசா போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"அவுக கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கேன். விசாரிச்சுக் குடுக்கணும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான்ல பேசும்போது சொன்னாக. இல்லேன்னா குடுத்தவுக கடமை தீராதாம்." பர்ஹத்தின் முகம் சிவந்துவிட்டது. கேட்பவளுக்கே கூசியது. "ஒங்க கையில நகை நட்டுன்னு ஏதும் மிச்சம் இருக்காக்கா?"

நோன்பு வாயால் பொய் சொல்லக் கூடாது. கமருன்னிசா பொய் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை. வலது கையை நீட்டி, மணிக்கட்டில் கிடந்த கவரிங் வளையலைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். முலாம் தேய்ந்து செம்பு தெரிகிற பக்கம் மேலே வந்தது. பர்ஹத் அதைப் பார்த்ததும் கண் கலங்கி, அந்தக் கையை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டது தப்புதான்க்கா. மாப்பு பண்ணிருங்க."

அவள் போய், கார் தெருமுக்கைத் தாண்டுகிற சத்தம் கேட்ட பிறகும் கமருன்னிசா அந்தக் கையை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நாக்கு சொல்லாததைக் கை சொல்லிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். அவள் ஒரு வளையலைத் திருப்பியே மறைத்துவிட்டாள்.

அசர் தொழுதாள். எத்தனை ரக்அத் தொழுதோம் என்று நடுவில் குழம்பிவிட்டது. தொழுத பாயிலேயே உட்கார்ந்து பழைய வழக்கைப் பேச ஆரம்பித்தாள். வாதியும் பிரதிவாதியும் அவளே. இந்தத் தங்கம் யாருடையது? காசு வாங்குகிற நாளெல்லாம் அது அவளுடையதாக இருந்தது. மனுசன் என் கையில் கொடுத்துவிட்டார், மிச்சம் பிடித்தது என் சாமர்த்தியம். போன ரமலானில் அது பதினோரு பவுனைத் தொட்டது. இந்த ரமலானோடு வருசம் நிறைந்துவிட்டது, இனி இதற்கு ஜகாத் கொடுக்க வேண்டுமே என்ற பயம் வந்தபோது, அது சட்டென்று அவருடையதாகிவிட்டது. அவர் பணம், நான் வெறும் காவல், எனக்கு என்ன கடமை என்று தட்டிக் கழித்தாள். இரண்டு பக்கமும் சௌகரியமாக இருந்த வழக்கு இப்போது இரண்டு பக்கமும் குத்தியது. என்னுடையது என்றால் இந்த உறை எனக்குக் கூடாது. அவருடையது என்றால் அவருக்குக் கூடாது. எப்படித் திருப்பிப் போட்டாலும் இது இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாத பணம்.

திருப்பிக் கொடுக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடலாம். பெருநாளன்று ஹாதியா பழைய உடுப்போடு நின்றால், கொடுத்தது எங்கே என்று பர்ஹத் மனசில் நினைப்பாள், சம்சுவும் கேட்பார். தங்கத்தில் கொஞ்சம் விற்று அந்தத் துணியை எடுக்கலாம். ஏது பணம் என்று அவர் கேட்டால் வாய் திறக்க வேண்டும். திறந்தால், அறுபதாயிரம் கேட்ட அன்றைக்கு இது எங்கே இருந்தது என்று அவர் கேட்க மாட்டார். அவர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

தெருவில் யாரோ ஒரு பொடியன் சரம் கொளுத்தினான். அந்த வருசம் தீபாவளியும் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. பட்டாசுக் கம்பெனிகளில் போனஸ் போட்டாயிற்று. பஜாரில் துணிக்கடை வாசல்களில் நிற்க இடமில்லை என்று மதியம் ஹாதியா வந்து சொன்னாள். வாங்கிக் கொடு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லப் பழகியிருந்தாள். இப்போது ஒரு தோழி வீட்டுக்குச் சேர்ந்து படிக்கப் போயிருந்தாள், நோன்பும் அங்கேதான் திறப்பாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நோன்பு திறக்கிற மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் சம்சு வந்தார். ஒரு கையில் பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சித் தூக்குவாளி. வண்டித் தூசியில் புருவமெல்லாம் வெளுத்திருந்தது.

"சுஃபியான் வீட்டுலேருந்து வந்தாகளாமே. தெருமுக்குல சொன்னாக."

அவள் போர்வையைக் கண்ணால் காட்டினாள். சம்சு தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உறையை எடுத்தார். நோட்டுகளை வெளியே எடுக்கவில்லை. ஓரத்தை விரித்து உள்ளே பார்த்தார். பூச்சட்டிப் படத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கமருன்னிசா பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"ஜகாத்தா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டான். கட்டிங் மிசினுக்குக் குடுத்தப்ப நானும் சொல்லலயே." அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "குடுக்கிற கைக்கு எம்புட்டு லேசா இருந்துச்சு கமரு. வாங்குற கைக்கு இப்படிக் கனக்கும்னு தெரியாமப் போச்சே."

பாயில் உட்கார்ந்தார். உறையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தை மடித்துவிட்டார். அப்புறம் மெதுவாக, தனக்குள்ளேயே பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஹாதியாவுக்கு ஒரு சுடிதார் எடுத்துரு. நல்லதா எடு, வெல பாக்காத. ஒனக்கும் ஒரு சேல. காளிராசுக்குத் தீவாளிக் காசு குடுக்கல. கிட்டங்கி போற வரைக்கும் மூட்ட தூக்கினவன், வாய் விட்டுக் கேக்க மாட்டான். அவனுக்கு ஒரு ஐநூறு. பெருநாளைக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பிரியாணி குடுத்தே ரெண்டு வருசமாச்சு. ரெண்டு கிலோ கறி எடுத்தாப் போதாது?"

பேசப் பேச அவருடைய தலை நிமிர்ந்தது. கமருன்னிசா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருசமாகப் பார்க்காத முகம். இன்னும் ஒரு பைசா செலவழிக்கவில்லை. செலவழிக்கலாம் என்ற நினைப்பிலேயே மனுசனுக்கு உயிர் வந்துவிட்டது. புதுக்காசை அமுக்கிய இரவுகளில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை. அடுப்படியில் இருட்டில் தனியாக நின்று சந்தோசப்பட்டவள் அவள். அவர் சந்தோசப்பட்டால் பக்கத்து வீடும், காளிராசும், பள்ளிவாசல் வாசலும் சேர்ந்துதான் படும். அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. கூடாத பணத்தில் இப்படிப் பூரித்து உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தபோது தாங்கவில்லை.

சம்சு திடீரென்று பேச்சை நிறுத்தினார். வண்டியில் ஏறிய பிறகு, கதவைப் பூட்டினியா என்று கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"நமக்குக் கூடும்ல கமரு? எனக்குக் கடன்தான் இருக்கு. ஒங்கிட்டயும் ஒண்ணும் இல்லல்ல?"

சந்தேகம் எதுவும் இல்லை அந்தக் கேள்வியில். அதுதான் கொன்றது. வளையல் கையை அவள் மடியோடு இறுக்கிக்கொண்டாள். இந்தத் தடவை கை தானாக நீண்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இருந்துச்சுன்னா சொல்லிரு. ஒங்கிட்ட ஒரு குந்துமணி இருந்தாலும் எனக்கு இது வேணாம், நாளைக்கே சிவகாசிக்குப் போயி குடுத்துட்டு வந்துருவேன். இந்த ஒரு விசயத்துல மட்டும் நாம மோசம் பண்ணக் கூடாது. குடுத்து வாழ்ந்தவுக நாம."

நாம என்றார். அவள் எழுந்தாள்.

"எங்க போற? பாங்கு சொல்லப் போறாக."

"இந்தா வாரேன்."

அடுப்படியில் விளக்கைப் போடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். டின்னை இறக்கி மேடையில் வைத்து மூடியைத் திறந்ததும் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கட்டியது. வழக்கமாக நீளக் கரண்டியால் ஒதுக்கி ஒதுக்கித்தான் பையை எடுப்பாள். இப்போது கரண்டியைத் தேடுகிற பொறுமை இல்லை. பொறுமையாகத் தேடினால் மனசு மாறிவிடும், அது அவளுக்கே தெரியும். கையை அப்படியே உள்ளே விட்டாள். முழங்கை வரைக்கும் போயிற்று. காலையில் அரிவாள்மனையில் கீறிய விரல் எரிந்தது. அடியில் பை தட்டுப்பட்டது. பிடித்தாள். எத்தனையோ வருசத்துக் கறி அதில் இருந்தது, எத்தனையோ நாள் தள்ளிப் போட்ட தீனி, ஹாதியா அழுது கேட்டுக் கிடைக்காத ஒரு பொம்மை. இப்போதும் விட்டுவிடலாம். பொடியை மூடிவிட்டு, கூடும் என்று ஒரு சொல் சொல்லலாம். அவர் நாளைக்கே காளிராசைத் தேடிப் போவார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

"கமரு, நேரமாச்சு. வா."

அவள் கையை உருவினாள். பொடி மேடையெல்லாம் சிந்தியது. பையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கையைக் கழுவாமல், முழங்கை வரை சிவப்பாக, கூடத்து வெளிச்சத்தில் வந்து நின்றாள். "இங்கன பாருங்க" என்றுதான் ஆரம்பித்தாள். காரத்தில் இருமல் வந்து அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

சம்சு ஒரு தும்மல் தும்மினார். அவளுடைய கையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"நோன்பு தொறக்கிற நேரத்துல யாராச்சும் பொடி டின்னுல கை விடுவாகளா? கண்ணத் தொட்டுறாத." தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். தான் இன்னும் நோன்பு திறக்கவில்லை என்பதை மறந்துவிட்டார். கொட்டையை நீக்கி அவள் வாயருகில் கொண்டுவந்தார். "வாயத் தொற. மொதல்ல நோன்பத் தொற. எதுன்னாலும் அப்புறம் சொல்லு."

பழம் நாக்கில் இனித்தது. அவள் அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். அவர் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மென்று முடிப்பதற்காகக் காத்து நின்றார். அவளுடைய மூடிய கையிலிருந்து மிளகாய்ப்பொடி சிமெண்டுத் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.